அறுபத்தஞ்சாம் பக்கத்துல மாடு

மைக்கை நான் பிடுங்கல அண்ணே. முதல்ல அந்த வரியை அடிச்சு விடுங்க. "ஒலிபெருக்கியைப் பறித்து"ன்னு போட்டிருக்கீங்களே, அதை. மைக்கு டேபிள் மேல சும்மா கெடந்துச்சு. யார் கையிலயும் இல்ல. கெடந்ததை எடுத்தேன். எடுக்குறது வேற, பிடுங்குறது வேற. வாசிப்பு மையம் நடத்துறீங்க, இந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?

உக்காருங்க. நின்ன வாக்குல கையெழுத்து வாங்கிட்டுப் போயிடலாம்னு பாக்காதீங்க. ஹாஸ்டல்ல விசிட்டர் நேரம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கு. வார்டன் மேடம் ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க. உங்களை எங்க மாமான்னு சொல்லியிருக்கேன். அதுக்குத் தகுந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோங்க.

இந்தக் கடுதாசி யாரு எழுதுனது? மையத்துத் தலைவர்தானே? நீங்க டைப் அடிச்சிருக்கீங்க, அது தெரியுது, உங்க ஜெராக்ஸ் கடை சீல்கூட பின்னால லேசா விழுந்திருக்கு. ஆனா வாசகம் உங்களது இல்ல. உங்களுக்கு, எங்க இன்னாசி அண்ணனுக்கு, இந்த அளவுக்குப் பொய் வராது. துணைச் செயலாளர்னு பேரு, செய்யறது பூரா நாற்காலி போடுறது, மைக் செட்டுக்கு ஓடுறது. இப்ப இதுக்கும் உங்களையே அனுப்பி வெச்சிருக்காரு.

படிக்கிறேன் கேளுங்க. "கல்லூரி மாணவி சங்கவி ஆகிய நான், திருமதி மங்கையர்க்கரசி அவர்களின் நாவலை முழுமையாகப் படிக்காமல், கருத்தரங்கில் அநாகரிகமாகப் பேசி…"

முழுமையாகப் படிக்காமல்! நானு! அந்த மாடியில உக்காந்திருந்த அத்தனை பேருல நான் படிக்கல! திட்டியிருந்தா பரவால்ல, திமிரு புடிச்சவன்னு எழுதியிருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். படிக்காதவன்னு எழுதுனாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

போடலன்னா என் கார்டு ரத்து. சரிதானே? அதை டைப் அடிக்கல, வாயால சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காரு. நல்ல ஆளு. அந்தக் கார்டு எனக்கு என்னன்னு அவருக்குத் தெரியும். எங்க காலேஜ் லைப்ரரியில கைடு தவிர ஒண்ணும் கிடையாது. எங்க வீட்டுல அச்சடிச்ச தாளுன்னா காலண்டர் ஒண்ணுதான். ரெண்டு வருஷமா வாரம் மூணு புத்தகம்னு உங்க மையத்து அலமாரியிலதான் நான் இருக்கேன். மூவாயிரம் புத்தகத்துல எது எந்தத் தட்டுல இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். தலைவர் சொல்லுவாரா? அவரு அந்த அலமாரி முன்னாடி நின்னு போட்டோதான் எடுத்திருக்காரு. அதை வெச்சு என்னை மடக்குறாரு. ஞாயித்துக்கிழமை நூறாவது கூட்டம், பேப்பர்காரங்க வர்றாங்க, மேடையில இந்தக் கடுதாசியை வாசிச்சா மையத்து மானம் திரும்பி வந்துடும். வரட்டும். என்னுது?

இல்லண்ணே, கத்தல. என் தொண்டையே இப்படித்தான்.

நீங்க அன்னைக்கு மைக் செட்டுக்காரனோட சண்டை போட்டுக்கிட்டு பாதி நேரம் கீழ பாத்திரக்கடை வாசல்லதான் நின்னீங்க. அதனால முதல்லருந்து சொல்றேன். மேல என்ன நடந்துச்சுன்னு தலைவர் சொன்னதை வெச்சுத்தானே இங்க வந்திருக்கீங்க.

மங்கை மேடம் நாவல், "ஏழாம் நம்பர் கட்டில்", முப்பது காப்பி மையத்துக்கு வந்துச்சு. நீங்கதான் கட்டைப் பிரிச்சு ஆளுக்கொண்ணு குடுத்தீங்க. சனிக்கிழமை. கூட்டத்துக்குப் பதினஞ்சு நாள் இருந்துச்சு. நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சுட்டேன். நல்லா இருந்துச்சு அண்ணே. அந்தம்மா கிராமத்து நர்ஸு, ஊர் ஊரா வண்டியில போயி தடுப்பூசி போடுறவங்க, அவங்களுக்குப் பிரசவ வார்டு தெரியும். கதையில நாகலட்சுமின்னு ஒரு நர்ஸு. விடியக்காலம். ஏழாம் நம்பர் கட்டில்ல பொறந்தது, அந்த வீட்டுக்கு மூணாவது பொம்பளைப் புள்ளை. புள்ளையோட அப்பத்தா கையில ஒரு டம்ளரை வெச்சுக்கிட்டு நிக்கிது. நாகலட்சுமி அந்த டம்ளரைப் பாக்குறா. புள்ளையைத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்கு வர்றா. அறுபத்து நாலாம் பக்கம் முடிஞ்சுது. திருப்புறேன். அறுபத்தஞ்சாம் பக்கம்.

"சினை ஊசி போட்ட இருபத்தோராம் நாள் மாடு மீண்டும் பருவத்திற்கு வந்தால்…"

சிரிக்காதீங்க. அன்னைக்கும் எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க.

பதினாறு பக்கம் அண்ணே. அறுபத்தஞ்சுலேருந்து எம்பது வரைக்கும் கறவை மாடு. ப்ரெஸ்ஸுல பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம்னு ஒண்ணா மடிப்பாங்களாம். அதே ப்ரெஸ்ஸுல மாடு வளர்ப்புப் புத்தகம் ஒண்ணு ஓடியிருக்கு, அந்த ஃபாரம் இதுல கலந்து பைண்ட் ஆயிடுச்சு. எம்பத்தொண்ணுல திரும்ப நாகலட்சுமி வர்றா. அவளை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. வீட்டுல ஒருத்தரும் அவகூடப் பேசுறதில்ல. அந்தப் புள்ளையை என்ன பண்ணா, எங்க கொண்டு போனா, ஏன் மாத்துனாங்க, எல்லாம் அந்தப் பதினாறு பக்கத்துக்குள்ள. கதையோட நெஞ்சுக்கூடே அங்கதான் இருக்கு. அது இல்லாம அந்தப் புத்தகத்தைப் பத்தி ஒரு மனுஷன் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசுனாங்க. ரெண்டரை மணி நேரம் பேசுனாங்க.

வரவேற்புரையே முக்கா மணி நேரம். வந்தவங்க, வராதவங்க, வர்றேன்னு சொன்னவங்க எல்லாருக்கும் பேர் சொல்லி வரவேற்பு. அப்புறம் முதல்ல பேசுனவரு பின்னட்டையைப் படிச்சாரு. ரெண்டாவது ஆளு முன்னுரையைப் படிச்சாரு. மூணாவது பேசுன அம்மா, எனக்கு முன்னால பேசுனவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டு, அவங்க மருமகளுக்குச் சிசேரியன் ஆன கதையைச் சொன்னாங்க. அதுகூடப் பரவால்ல, அதாச்சும் அவங்க சொந்தக் கதை.

அப்புறம் பேராசிரியர் அறவாழி. ஆய்வுரை. புத்தகத்தைக் கையில எடுத்தாரு. முனை மழுங்கல, மடிப்பு விழல, அப்படியே புது மணம். நடுவுல கட்டை விரலை விட்டுப் பொளந்தாரு. "இந்த ஒரு வரி போதும்"னாரு. படிச்சாரு. "கன்று ஈன்ற மூன்று நாட்கள் வரை சுரக்கும் சீம்பாலைக் கறந்து விற்காமல் கன்றுக்கே விட்டுவிட வேண்டும்."

இப்பவாவது முழிப்பாருன்னு பாக்குறேன். கண்ணாடியைக் கழட்டுனாரு. கண்ணைத் தொடச்சாரு! "கறந்து விற்காமல்! அந்தச் சொல்லைக் கவனியுங்கள்! பிரசவ அறையின் நடுவே ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டுகிறார் ஆசிரியர். தாய்மையைச் சந்தை கறக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?" கைதட்டல். அண்ணே, கைதட்டல்! தலைவர் தலையை ஆட்டுறாரு, "அபாரம் அபாரம்"ங்கிறாரு. கீழ கடையில எவனோ அண்டாவைப் போட்டு உருட்டுறான், அந்தச் சத்தமும் சேந்து. எல்லாரும் மடியில அதே புத்தகத்தை வெச்சிருக்காங்க. ஒருத்தராவது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தாங்களா? திருப்பல. விசிறிக்கிட்டாங்க. கரண்ட் போயிருந்துச்சுல்ல, மைக்கு மட்டும் பேட்டரியில ஓடுச்சு, விசிறிக்கிட்டாங்க.

மேடையில மங்கை மேடம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு பொன்னாடை ஓரத்தை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வெக்கப்படுறாங்கன்னு நெனச்சேன்.

நான் என்ன எடுத்த எடுப்புலயா எந்திரிச்சேன்? உங்க மையத்து முறைப்படித்தான் பண்ணேன். கேள்வி இருந்தா துண்டுச் சீட்டுல எழுதித் தலைவர்கிட்ட குடுக்கணும். எழுதினேன். "அறுபத்து நான்காம் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நாகலட்சுமி, அதன் பிறகு என்ன செய்தாள்? பேராசிரியர் விளக்க வேண்டுகிறேன்." வேண்டுகிறேன்னு போட்டேன் அண்ணே. மாடுன்னு ஒரு எழுத்துகூட எழுதல. தலைவர் வாங்கிப் படிச்சாரு. புத்தகத்தை லேசாத் தொறந்து பாத்தாரு. நான் பாத்தேன் அவரு பாத்ததை. மூடுனாரு. சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில போட்டாரு. "நேரமின்மை காரணமாக"ன்னு ஆரம்பிச்சாரு. ஆனா அடுத்த சீட்டைப் படிக்க நேரம் இருந்துச்சு! "தங்கள் எழுத்தின் ரகசியம் என்ன?"ன்னு எவனோ எழுதியிருந்தான், அதுக்கு நேரம் இருந்துச்சு!

அப்பத்தான் மைக்கை எடுத்தேன். எடுத்தேன்.

"படிச்சவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க"ன்னேன். "நாகலட்சுமி அந்தப் புள்ளையை என்ன பண்ணா, யாராவது சொல்லுங்க"ன்னேன். "தெரியலையா? நானே படிக்கிறேன்"னு அந்த இருபத்தோராம் நாள் சினை ஊசியைச் சத்தமா வாசிச்சேன். "சார், இதுவும் தாய்மையா, இல்ல மாட்டாஸ்பத்திரியா?"ன்னு கேட்டேன். அப்பத்தான் எல்லாரும் புத்தகத்தைத் திருப்புறாங்க. முப்பது புத்தகம் ஒண்ணா படபடங்குது. அப்புறம் சிரிப்பு. பின்னால காலேஜ் பசங்க நாலு பேரு 'ம்மா'ன்னு கத்துனானுங்க. கத்துனது அவனுங்க. நான் கத்தல.

மங்கை மேடம் எந்திரிச்சு கதவோரமாப் போயி நின்னு அழுதாங்க. ஆமா. அழுதாங்க. ரெண்டாவது வரிசையிலருந்து அவங்க வீட்டுக்காரரு வந்து, நினைவுப் பரிசை ஒரு கையில எடுத்துக்கிட்டு, அவங்களை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம எறங்கிப் போனாரு. அதை என் தலையில கட்டுறீங்க. அந்தப் புத்தகத்தைப் படிக்காம ரெண்டரை மணி நேரம் அவங்க மேல பன்னீர் தெளிச்சவங்க நல்லவங்க. படிச்சவ கெட்டவ.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.

முன்னாடியே தெரியும்ல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னு கேக்குறீங்க. இதையேதான் எங்க ரூம்ல இருக்குற பிள்ளையும் கேட்டுச்சு. ஏன் சொல்லணும்? சொன்னா என்ன ஆயிருக்கும்? கூட்டத்தைத் தள்ளி வெச்சிருப்பீங்க, புதுசா பைண்ட் பண்ணி வந்திருக்கும், அதையும் ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. அறவாழி வேற ஒரு பக்கத்தைப் பொளந்து வேற ஒரு வரிக்குக் கண்ணைத் தொடச்சிருப்பாரு. எவன் படிக்கிறான், எவன் படிக்கலன்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல பரீட்சை யாரால வெக்க முடியும்? பைண்டர் வெச்ச பரீட்சை. அதை நான் கெடுக்கவா? பதினாலு நாள் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம இருந்தேன். எனக்குப் பொறுமையே கிடையாதுன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும்.

நீங்க படிச்சீங்களா? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நாப்பது பக்கமா? சரி. நாப்பதாச்சும் படிச்சீங்க. உண்மையைச் சொல்றீங்க, உங்க மேல எனக்குக் கோவமே இல்ல.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லவா? மங்கை மேடம் இங்க வந்தாங்க. போன புதன்கிழமை. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே பெஞ்சு. டியூட்டி முடிச்சு நேரா வந்திருந்தாங்க, தடுப்பூசிப் பெட்டியைக்கூட வண்டியிலருந்து அவுக்கல. அடிக்க வந்திருக்காங்களோன்னு நெனச்சேன். "சாப்பிட்டியாம்மா"ன்னாங்க.

அப்புறம் சொல்றாங்க, "எனக்கு முதல் நாளே தெரியும்மா."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. புத்தகம் வந்த அன்னைக்கே வீட்டுல பிரிச்சுப் பாத்துட்டாங்களாம். ப்ரெஸ்ஸுக்கும் சொல்லிட்டாங்களாம், மாத்திக் கட்டித் தர்றோம்னுட்டாங்களாம். "தெரிஞ்சுக்கிட்டா மேடையில உக்காந்திருந்தீங்க? அந்தாளு சீம்பாலைப் படிக்கிறப்ப வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"ன்னேன். சண்டைதான் போட்டேன். விடுவேனா?

"எங்க வீட்டுக்காரரு இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா நான் எழுதுறதுக்காக ஒரு எடத்துக்கு வந்திருந்தாருமா. எதுக்குக் கைதட்டுறாங்கன்னு அவருக்குத் தெரியாது. தட்டுறாங்கன்னு தெரியும். என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. போதும்னு இருந்துட்டேன்."

போதுமாம்! த்தூ! அவங்களைத் துப்பல அண்ணே, அந்தப் "போதும்"ங்கிற வார்த்தையைத் துப்புறேன். இந்தப் "போதும்"லதான் தலைவரும் அறவாழியும் குடித்தனம் நடத்துறாங்க. எழுதுனவங்களே போதும்னுட்டா, படிக்காதவனுக்கு என்ன பயம்?

"சரி, மையத்துலயாவது சொல்லியிருக்கலாமே"ன்னேன். அதுக்கு ஒரு பதில் சொன்னாங்க பாருங்க. "பின்னட்டையில என் நம்பர் போட்டிருக்கேன்மா. யாராவது அறுபத்து நாலு வரைக்கும் வந்து நின்னா, கூப்பிடுவாங்கள்ல? பக்கத்தைக் காணோமேம்மா, நாகலட்சுமிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்கள்ல? அப்படி ஒரு போன் வந்தா என்ன பேசணும்னுகூட நெனச்சு வெச்சிருந்தேன்." ரெண்டு வாரம் போனை சைலண்ட்லயே போடலையாம். ஊசி போடுறப்பகூட.

ஒருத்தன் கூப்பிட்டானா? முப்பது பேருல ஒருத்தன்? கூப்பிடல! பாத்தீங்களா அண்ணே, எப்பேர்ப்பட்ட கூட்டம் இது! ஒரு பொம்பளை போனைக் கையில புடிச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க, இவனுங்க பொன்னாடைக்கு என்ன கலர்னு மீட்டிங் போடுறானுங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, சத்தியமா.

"நீ எப்பம்மா படிச்சே?"ன்னு கேட்டாங்க. "குடுத்த மறுநாளே முடிச்சுட்டேன் மேடம்"னேன். பெருமையாத்தான் சொன்னேன், சொல்றதுக்கு என்ன? என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஏதோ பாராட்டப் போறாங்கன்னு நெனச்சேன். "மறுநாளேவா"ன்னாங்க. அவ்வளவுதான். கொஞ்சம் களைப்பா இருந்தாங்க, வெயில்ல அலையுற வேலைல்ல.

போறப்ப பைக்குள்ளருந்து ஒரு காக்கிக் கவர் எடுத்துக் குடுத்தாங்க. பதினாறு பக்கம், ஜெராக்ஸ். உங்க கடையில எடுத்ததுதான்னு நெனைக்கிறேன். "இது உனக்கும்மா. படிச்சுட்டு ஒரு போன் பண்ணு"ன்னாங்க. நான் வாங்கிக்கிட்டு, "அது கெடக்கட்டும் மேடம், நூறாவது கூட்டத்துக்கு வந்து மேடையில உண்மையைச் சொல்வீங்களா மாட்டீங்களா"ன்னு கேட்டேன். தடுப்பூசி முகாம் இருக்குன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இல்ல, இன்னும் படிக்கல. பெட்டியில இருக்கு, எங்க போயிடப் போகுது? ஒரு வாரமா எனக்கு எங்க நேரம்? மறுப்பு எழுதிக்கிட்டு இருக்கேன்ல. பதினோரு பக்கம் ஆயிடுச்சு. அறவாழியோட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில். நாகலட்சுமி என்ன பண்ணான்னு என்னை ஏன் அண்ணே கேக்குறீங்க? கேள்வி கேட்டவ நான். பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க.

மணி அடிச்சுட்டாங்க. இந்தாங்க, உங்க கடுதாசி. கையெழுத்து கிடையாது. கார்டு வேணும்னா இதோ, இதையும் சேத்துக் கொண்டு போங்க. போங்கன்னா நேரா குடுத்துடாதீங்க, தலைவர் கேட்டா மட்டும் குடுங்க.

அவர்கிட்ட நான் சொன்னேன்னு இதை மட்டும் சொல்லுங்க. முகாமா இருந்தாலும் சரி, மூணு மணி நேரம் லீவு போட வெச்சாவது சரி, ஞாயித்துக்கிழமை மங்கை மேடத்தை மேடைக்குக் கூப்பிடட்டும். அவங்க வீட்டுக்காரரும் வரட்டும், பேப்பர்காரங்களும் இருக்கட்டும். நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். இந்தச் சங்கவி உங்க புத்தகத்தைப் படிச்சவளா, படிக்காதவளா? வேற ஒண்ணும் வேணாம். படிச்சவ, இல்ல படிக்காதவ, ஒரு வார்த்தை. அழாம, மழுப்பாம, மைக்கைப் புடிச்சு, அத்தனை பேரு முன்னாடியும் அவங்க சொல்லணும்.